நாற்பத்தொரு பை ரொபஸ்டா

காபி விஷயத்தில் எனக்குத் திமிர் அதிகம். ஒத்துக்கொள்வதில் வெட்கமும் கிடையாது. அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு யார் வந்தாலும் முதலில் என் பித்தளை ஃபில்டரைக் காட்டுவேன், அப்புறம்தான் உட்காரச் சொல்வேன். மருந்துக் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. எதையும் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை சம்பளத்தோடு சேர்ந்து வந்துவிட்டதாக ஒரு நினைப்பு வேறு. அந்த நினைப்பு ஒரு சனி, ஞாயிறில் என்னைப் படுத்தி எடுத்த கதை இது.

ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரி உகாண்டாவிலிருந்து வந்தவள். விக்டோரியா ஏரிக்கு மேற்கே அவள் ஊர். அண்ணன் அங்கே வாழைக்கு நடுவே காபி வளர்க்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு காகிதப் பையை என் முன்னால் வைத்து, "அண்ணன் தோட்டத்து ரொபஸ்டா. வீட்டில் பாப்கார்ன் மெஷினில் வறுத்தேன்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். ரொபஸ்டாவா! நம் ஊர் காபிக் கடையில் பீபரி எவ்வளவு, பிளான்டேஷன் எவ்வளவு என்று சத்தமாகக் கேட்போம். ரொபஸ்டாவை மட்டும் திக்காக இருக்கட்டும் என்று சன்னக் குரலில் சேர்க்கச் சொல்வோம். அதைத் தனியாகக் குடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எங்கள் காட்டில் தானாக முளைத்த மரம். நீங்களெல்லாம் எங்களிடமிருந்து வாங்கிப் போனவர்கள்" என்றாள். நான் பையை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

வீட்டில் நம்மில் யாரும் செய்வதைத்தான் செய்தேன். டிகாக்‌ஷன் இறக்கி, பாலைப் பொங்கக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, நுரை வர ஆற்றினேன். முதல் வாயிலேயே ஆடிப் போய்விட்டேன். வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி, தொண்டைக்குக் கீழே இறங்கின பிறகும் போகவில்லை. திங்கட்கிழமை அவளிடம் ஓடிப் போய், "பாலில் எப்படி நிற்கிறது தெரியுமா!" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "பாலா? சர்க்கரையுமா?"

பிறகு மதிய இடைவேளை முழுக்க எனக்குப் பாடம் நடந்தது. ரொபஸ்டா மட்டம் என்று உலகம் சொல்வதற்குக் காரணம் மரம் இல்லையாம், கைதானாம். கிளையைப் பிடித்து ஒரே இழுப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாவற்றையும் உருவிப் போட்டு, மண் தரையில் கொட்டிக் காயவைத்தால் மண் வாசனைதான் வரும். அவள் அண்ணன் நான்கு வருஷமாக ஊர்க்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். பறிப்பவர்கள் மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிடுவார். பழம் அந்தச் சிவப்புக்கு வந்தால்தான் கை வைக்கலாம். பறித்ததைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை மட்டும் தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் கட்டிய வலையில் பரப்பி, நாளெல்லாம் கிளறி, தூறல் விழுந்தால் ஓடிப் போய் மூட வேண்டும். ஒரே மரத்துக்கு நான்கைந்து தடவை போய் வர வேண்டும். இருபத்திரண்டு குடும்பங்கள் அவரை நம்பி இதைச் செய்தன. போன அறுவடையில் வியாபாரி வந்து, உருவிப் போட்டதையும் பொறுக்கி எடுத்ததையும் ஒரே விலை போட்டு ஒரே சாக்கில் கொட்டிக்கொண்டு போய்விட்டான்.

"இந்தத் தடவை ஊர்க்காரர்கள் கெடு வைத்துவிட்டார்கள்" என்றாள். "பறிப்பு ஆரம்பிப்பதற்குள் இதுதான் வேண்டும் என்று கேட்கிற ஒரு ஆளையாவது காட்டு, இல்லாவிட்டால் பழையபடி உருவிப் போடுகிறோம் என்கிறார்கள். பறிப்பு இன்னும் ஆறு வாரத்தில். அண்ணன் சொல் அதோடு போய்விடும்."

அந்த வேலையை நான் ஏன் என் தலையில் போட்டுக்கொண்டேன் என்று என் கணவர் இன்றைக்கும் கேட்கிறார். சிரித்ததற்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் அந்த வெல்ல ருசி என்னை விடவில்லை.

காபி வறுத்து விற்கும் சின்னக் கம்பெனிகளுக்கெல்லாம் எழுதினோம். ரொபஸ்டா என்ற சொல்லைப் பார்த்ததும் பாதிப் பேர் பதிலே போடவில்லை, மீதிப் பேர் வணக்கம் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரே ஒருவர் மாட்டினார். எங்கள் பக்கத்திலேயே கடை வைத்திருக்கும் தாடிக்கார அமெரிக்கர். "என் வாடிக்கையாளர்கள் இதைத் தொட மாட்டார்கள். யார் வாங்குவார்கள் என்று காட்டுங்கள், பார்க்கலாம்" என்றார். ரயில் ஸ்டேஷன் பார்க்கிங்கில் காலை ஏழு மணிக்கு நின்று தமிழ் முகங்களை எண்ணிப் பாருங்கள், அத்தனையும் ஃபில்டர் காபி வீடு என்றேன். வாய்க்கு வந்த வீரம் அது. சரி, எட்டுப் பேரைக் கூட்டுங்கள், சனிக்கிழமை வருகிறேன் என்றார். பறிப்பு அதற்கு இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஹாலில் எட்டுப் பேர். என் கணவர், மேல்வீட்டு ஆன்ட்டி, மகன் வீட்டோடு வந்து தங்கிவிட்ட கோயம்புத்தூர் அங்கிள், மற்றபடி சாயங்கால வாக்கிங் கூட்டம். என் உகாண்டாத் தோழி சுவரோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். தாடிக்காரர் மேஜைமேல் பன்னிரண்டு கிண்ணங்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் பொடி போட்டு வெந்நீர் ஊற்றினார். மூன்று வகைக் காபி, எது எது என்று அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மேலே படிந்த ஏட்டை ஒதுக்கிவிட்டு, ஒரு கரண்டியில் எடுத்து, வீடே அதிரும்படி உர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றி, கையிலிருந்த கப்பில் துப்பினார். அதே கரண்டி அடுத்த கிண்ணத்துக்குள் போனது. எங்களையும் அப்படியே செய்யச் சொல்லி ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார்.

ஒருவரும் நகரவில்லை.

"ஏனுங் கண்ணு" என்று அங்கிள் என் காதருகே வந்தார். "வாயில வச்ச கரண்டிய மறுபடி கிண்ணத்துக்குள்ள உடறாரே, பாத்தீங்ளா?"

"எச்சில்" என்றார் ஆன்ட்டி, தீர்ப்பாக. "நான் மாட்டேன்ம்மா."

இந்த ஊரில் எங்கள் பிள்ளைகள் ஒரே பாட்டிலை ஆறு பேர் வாய் வைத்துக் குடிக்கிறார்கள், நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் எட்டுப் பெரியவர்கள் ஒரே கிண்ணத்தில் எச்சில் கரண்டியை விடுவது என்பது வேறு சமாசாரம். தாடிக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது? "ஹைஜீன்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, வீட்டிலிருந்த டம்ளர், டபரா எல்லாவற்றையும் இறக்கினேன். கிண்ணத்திலிருந்து டம்ளருக்கு ஊற்றி, எல்லாரும் உதட்டில் படாமல் அண்ணாந்து தூக்கிக் குடித்தார்கள். தாடிக்காரர் கண் இமைக்காமல் பார்த்தார். தானும் அப்படிக் குடிக்கிறேன் என்று டம்ளரைத் தூக்கினார். பாதி தாடிக்குப் போனது, மீதி சட்டைக்கு.

துப்பவும் ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஒருத்தர் வீட்டில் கொடுத்த காபியைத் துப்புவதாவது! பன்னிரண்டையும் விழுங்கினார்கள். உசத்தி ரகமான அராபிகாவைவிட ரொபஸ்டாவில் கஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று தாடிக்காரர் எச்சரித்துப் பார்த்தார். "எங்களுக்குப் பழக்கம்தான்" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

பத்துக்கு எத்தனை என்று தாடிக்காரர் மதிப்பெண் கேட்டார். எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஒன்பது போட்டார்கள். வந்த மனுஷன் அவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறார், குறை சொல்வது மரியாதையா என்பது ஆன்ட்டியின் கட்சி. தாடிக்காரர் பேனாவை மூடிவிட்டார். தோழி நகத்தை விட்டுவிட்டு விரலையே கடிக்கிற நிலைமைக்கு வந்திருந்தாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அடுப்பில் பாலை வைத்து, அவர் கொடுத்த பொடிகளில் முன்னாடியே இறக்கி வைத்திருந்த மூன்று டிகாக்‌ஷனையும் கலந்து கொடுத்தேன், எது எது என்று சொல்லாமல்.

அப்போதுதான் மரியாதை எல்லாம் பறந்தது. முதல் டம்ளரில் ஆன்ட்டி, "பால்தான் இருக்கு, காபி எங்கடி?" என்றார். அது தாடிக்காரரின் அருமை அராபிகா. இரண்டாவதில் அங்கிள், "ரப்பர் எரிஞ்ச நாத்தமுங்" என்று கீழே வைத்தார். அது அவர் ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்த மட்ட ரொபஸ்டா. மூன்றாவது வந்ததும் டம்ளர்கள் காலியாகித் திரும்பி நீண்டன. தாடிக்காரர் தானும் பாலோடு ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, தோழியைப் பார்த்து, "இவ்வளவு சுத்தமான ரொபஸ்டாவை நான் குடித்ததில்லை" என்றார். ஆனால் அவர் உடனே கையையும் விரித்தார். அவர் கடையில் இதை விற்க முடியாது. வேண்டுமானால் தன் சரக்கோடு சேர்த்து வரவழைத்து, வறுத்து, பத்துக் கிலோ பைகளாகக் கட்டித் தருவார். பைகளை எடுத்துக்கொள்ள ஆள் நாங்கள் பிடிக்க வேண்டும்.

"அவ்ளோதானே?" என்று ஆன்ட்டி எழுந்தார். எங்கள் வட்டாரத்தின் மாம்பழ குரூப்புக்கு அவர்தான் அட்மின். மே மாதம் வந்தால் பங்கனபள்ளிப் பெட்டி அவர் பார்க்கிங்கில்தான் இறங்கும். அவர் ஒரு வரி போட்டால் நூற்றுச் சொச்சம் வீடு பேருக்குப் பக்கத்தில் எண் போடும். "சூப்பர் காபி வருது, நம்பர் போடுங்க" என்று அங்கேயே ஃபோனில் தட்டினார்.

அதற்குள் கஃபீன் வேலையை ஆரம்பித்திருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். ஒவ்வொரு எண் விழும்போதும் ஹாலில் கைதட்டல். என் கணவர் இரண்டு வருஷமாகப் பெட்டியிலேயே கிடந்த புத்தக அலமாரியைப் பிரித்து அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டார். அங்கிள் யாரும் கேட்காமலே எங்கள் காரைக் கழுவினார். நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது, எதற்குச் சிரித்தேன் என்று கேட்டால் தெரியாது. மத்தியானத்துக்குள் பட்டியல் நாற்பத்தொன்றைத் தொட்டது. நாற்பத்தொரு பை! தோழி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள். அப்படியே அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். நாளை காலை சர்ச் முடிந்ததும் எல்லாக் குடும்பத்துக்கும் சொல்லிவிடுகிறேன் என்றார் அவர்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, துவைத்த துணிக் கூடையோடு ஆன்ட்டி எங்கள் கதவைத் தட்டினார். "ஏம்மா, நான் மூணு போட்டிருக்கேன். அரைக் கிலோ பாக்கெட்தானே? ஃப்ரீசர்ல இடம் பண்ணணும்."

எனக்குக் காதுக்குள் ஙொய் என்றது. "பாக்கெட் இல்ல ஆன்ட்டி. பை. பத்து கிலோ."

"பத்து கிலோவா? முப்பது கிலோ காபிய வச்சுட்டு நான் என்ன குளிக்கவா போறேன்?"

மாம்பழத்துக்கு யாரும் அளவு சொல்வதில்லை. ஒன்று என்றால் ஒரு பெட்டி, ஊருக்கே தெரியும். காபிக்கு அவர் சொல்லவில்லை, நானும் சொல்லச் சொல்லவில்லை. அளவே இல்லாத அந்த எண்களை அவர்கள் பாக்கெட் என்று போட்டார்கள், நான் பை என்று கூட்டினேன். மாத்திரையில் ஒரு மில்லிகிராம் பிசகினால் முழு உற்பத்தியையும் நிறுத்தி வைக்கிறவள் நான். நாற்பத்தொரு பாக்கெட் என்றால் மொத்தமே இரண்டு பைதான். அங்கே ஏரிக்கரையில் இருபத்திரண்டு குடும்பம் என் கூட்டலை நம்பி நாளைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காரப் போகிறது. அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உண்மைய சொல்லிடு" என்றார் கணவர்.

"சொல்றேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு மேல சொல்றேன்" என்றேன்.

அதற்குள் அங்கே சர்ச் முடிந்து சேதி போயிருக்கும் என்று தெரியும், ஆனாலும் வெறுங்கையோடு சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை தமிழ்ப் பள்ளி. ஒரு மிடில் ஸ்கூலை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். பிள்ளைகள் உள்ளே அ, ஆ எழுதும்போது பெற்றோர்கள் கேன்டீன் மேஜைகளில் ஃபோனைத் தடவிக்கொண்டு கிடப்பார்கள். குடிக்க ஒரு வாய் நல்ல காபி கிடையாது. காலை ஐந்துக்கே எழுந்து, தோழி முந்தின நாள் எங்கள் வீட்டில் விட்டுப்போன பாப்கார்ன் மெஷினில் மிச்சமிருந்த பச்சைக் கொட்டையையெல்லாம் வறுத்து, ஆன்ட்டியின் நாலு ஃபில்டரும் என்னுடையதுமாக இறக்கி, பெரிய ஃபிளாஸ்க் மூன்றில் நிரப்பினேன். அங்கிள் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். ஆன்ட்டி நோட்டுப் புத்தகத்தோடு. "தப்பு பாதி என்னுது" என்று அவரே சொல்லிவிட்டு வந்தார்.

இந்தத் தடவை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ஒரு எண் என்றால் ஒரு பை, ஒரு பை என்றால் பத்துக் கிலோ. அதைப் படித்து முதலில் வந்த நாலு பேரும் சிரித்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவது ஆள் குடித்துப் பார்த்துவிட்டு, அண்ணன், மச்சான், நண்பன் என்று மூன்று பேருக்கு ஃபோன் பண்ணினார். ஒரு பைக்கு ஐந்து வீடு என்று ஆன்ட்டி அங்கேயே கூட்டுச் சேர்த்துவிட ஆரம்பித்தார். பார்சிப்பனியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு கூட்டு, பேச்சிலர் பையன்களுக்கு ஒரு கூட்டு. "ஏனுங், நல்ல காப்பி குடிச்சு எத்தன நாளாச்சு, மனசத் தொட்டுச் சொல்லுங்" என்று அங்கிள் மேஜை மேஜையாகப் போனார். இடைவேளையில் வந்த என் மகள், "அம்மா, you are so embarrassing" என்று சொல்லிவிட்டு ஓடினாள். விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஓர் அம்மா இரண்டாவது டம்ளரைக் குடித்துவிட்டு, "எனக்கு எட்டு பை எழுதிக்கோ" என்றார். நான் அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். மூன்று பேர் நான் அழுகிறேன் என்று நினைத்து டிஷ்யூ நீட்டினார்கள். அழுதுகொண்டும்தான் இருந்தேன்.

மணி அடித்தபோது எண்ணினோம். சனிக்கிழமைப் பாக்கெட்டுகள் இரண்டு பை. இன்றைக்கு இருபத்து நான்கு. மொத்தம் இருபத்தாறு. நாற்பத்தொன்றுக்குப் பதினைந்து குறை.

தோழியைப் பார்க்கிங்குக்கு வரச் சொல்லியிருந்தேன். காருக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நேரே அண்ணனை வீடியோவில் கூப்பிட்டாள். நானே சொல்கிறேன் என்று ஃபோனை வாங்கிக்கொண்டேன். அங்கே சாயங்காலம் ஆறரை. வாழை இலைகளுக்கு நடுவே சட்டைப் பொத்தான் எல்லாம் போட்ட ஒரு மனிதர். அவருக்குப் பின்னால் பெஞ்சுகளில், மறுநாள் பறிப்புக்காகக் கூடியிருந்த ஆட்கள்.

"தப்பு என்னுடையது. நாற்பத்தொன்று பொய். இருபத்தாறுக்குத்தான் ஆள் இருக்கிறது" என்றேன்.

அவர், "அந்த இருபத்தாறுக்கும் பெயர் இருக்கிறதா?" என்றார்.

"பெயரும் இருக்கிறது, ஃபோன் நம்பரும் இருக்கிறது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் இவர்களிடம் ஐந்து என்றுதான் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிற எண்ணை எட்டால் வகுத்துத்தான் ஊரில் சொல்வேன். வகுக்காமல் சொல்லி இரண்டு தடவை பட்டிருக்கிறேன். ஐந்து பைக்கு ஆளுக்கு இரண்டு மூன்று மரத்தில் துணி கட்டி வைத்திருக்கிறார்கள், அதில் மட்டும் சிவப்பாகப் பறிக்க. மீதியை உருவத்தான் போகிறார்கள்."

என்னை மாதிரி எத்தனை பேர் அவருக்குப் போன வருஷங்களில் கைதட்டிக்கொண்டே எண் கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

"இருபத்தாறு என்று நான் சொன்னால் எடுபடாது. நீங்களே சொல்லுங்கள்" என்று அவர் ஃபோனைப் பெஞ்சுப் பக்கம் திருப்பினார். இருபது முப்பது முகங்கள் என்னைப் பார்த்தன. "ட்வென்டி சிக்ஸ்" என்றேன். தோழி என் தோளுக்கு மேலாக அவர்கள் மொழியில் அதையே சொன்னாள். பின் வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து ஏதோ கேட்டார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்ன கேட்கிறாங்க?" என்றேன்.

தோழிக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை. "இது எட்டால் வகுத்ததா, வகுக்காததா என்று கேட்கிறாள்."

"வகுக்காதது!" என்று கத்தினேன். பார்க்கிங்கில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தோழியும் கத்தினாள். அந்த அம்மாள் என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்துத் துணிக்கொடியிலிருந்து சேலை அளவு பெரிய ஒரு பழைய துணியை உருவி, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதுபோல் வேகமாக, நீள நீளமாகக் கிழிக்க ஆரம்பித்தார்.